மின்னல் வீட்டாரும் குயில் வீட்டாரும்

குயிலை மின்னல் வாங்கிவிட்டது என்ற செய்தி எனக்கே மெசேஜில்தான் வந்தது. நெடுங்கேணிச் சந்தியில் குயில் கம்பனியின் நீலக் குடைக்குக் கீழே வருஷக்கணக்காக வெந்து, சிம் விற்று, ரீலோட் போட்டு, ஆட்களுடைய போனில் தானாக மாறிப்போன மொழியையெல்லாம் திருத்திக் கொடுத்தவள் நான். எனக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி. ‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே’ என்று தொடக்கம் வேறு. நான் வாடிக்கைக்காரியா, சம்பளக்காரியா என்றுகூடத் தெரியாதவர்களுக்கு இந்த நாட்டையே வளைத்துப்பிடிக்க ஆசை!

ஆசை என்றால் சும்மா ஆசை இல்லை. மின்னல் முதலாளிமார் ஏற்கெனவே ஒரு சின்னக் கம்பனியை விழுங்கி ஏப்பம் விட்டவர்கள். அடுத்ததாகக் கண் வைத்தது குயிலில். குயிலிடம் கொழும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த சொத்து எங்கள் வன்னிச் சனம்தான். போர் முடிந்து சனம் மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் பக்கம் முதலில் கோபுரம் நட்டது குயில் என்பதால், வயலுக்குப் போகிறவர் முதல் பள்ளிக்கூடத்து ரீச்சர் வரை குயில் சிம்தான் வைத்திருந்தார்கள். அந்தச் சனத்துக்காகத்தான் மின்னல் குயிலை வாங்கியது.

வாங்கிய கையோடு வவுனியாவிலிருந்து நிருஷன் வந்தான். மின்னலின் பிராந்திய மனேஜர். கொழும்பில் படித்த பொடியன், வயது என் கடைசித் தம்பியினுடையதாக இருக்கும், ஆனால் மடிக்கணினியைத் திறந்தால் வாய் மூடாது.

“அக்கா, விசயம் சிம்பிள். குயில் கஸ்டமர் எல்லாரும் ரெண்டு மாசத்துக்குள்ள வந்து புது சிம் மாத்தோணும். மாத்தாத நம்பர் வேலை செய்யாது. அவங்கள் வராட்டி நாங்கள் குயில வாங்கினதே வேஸ்ட்.”

“அதுக்குப் பிறகு என்ர வேலை?”

“நெடுங்கேணிக்கு ஒரு ஆள்தான் அக்கா. நீங்களோ ராஜினி அக்காவோ. ஆர் சனத்தக் கொண்டுவாறாங்களோ, அவங்களுக்கு.”

இங்கே ராஜினியைப் பற்றிச் சொல்லவேண்டும். றோட்டுக்கு அந்தப் பக்கம் மின்னலின் சிவப்புக் குடைக்குக் கீழே இருப்பவள் அவள். வேறு யாரும் இல்லை, என் புருஷன் திலீபனின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு மச்சாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நாள் முழுக்க இருப்போம், ஆனால் நாங்கள் கதைத்து இரண்டு வருஷம்.

காரணம் அவளுடைய புதுவீட்டுக் குடிபூரல். சொந்தமாக ஒரு கல்வீடு கட்டி முடித்தாள். சந்தோசம். அதற்கு எனக்கு எப்படிச் சொன்னாள் தெரியுமா? வாட்ஸ்அப்பில்! அதுவும் தனியாக இல்லை. சந்தி வியாபாரிகளின் குழுவில், தேங்காய் விற்கிறவருக்கும் டயர் ஒட்டுகிறவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரே படம். அண்ணன் பெண்சாதிக்கு வீட்டுக்கு வந்து ஒரு சொல் சொல்ல இவளுக்குக் கால் நோகிறதாம். நான் போகவில்லை. சொல்லாத வீட்டுப் படலையில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். திலீபன் மட்டும் போய் வயிறு புடைக்கச் சாப்பிட்டு, எனக்கும் ஒரு பார்சல் கொண்டுவந்தார். நான் தொடவே இல்லை. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு என்று மணத்திலேயே தெரிந்தது, இருந்தும் தொடவில்லை. அந்த அளவு கோபம்.

சரி, வேலைக்கு வருவோம். குயில் சனம் என்றால் என் சனம். ஆகவே வேலை எனக்குத்தான் என்று உறுதியாக நம்பினேன். கம்பனி ஊர் முழுக்க மெசேஜ் அனுப்பியது. சிம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு குருவிகூட வரவில்லை. அந்தப் பக்கம் ராஜினி ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, வருகிறவர்களுக்குக் குலுக்கலில் ரைஸ் குக்கர் என்று கத்தவிட்டாள். குக்கர் பெட்டி பிரிக்காமலே வெயிலில் கிடந்தது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

என்ன ஏது என்று கேட்க ராஜரத்தினம் ஐயா வீட்டுக்குப் போனேன். கமக்கார அமைப்புத் தலைவர் அவர். தகப்பன் காலத்தில் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காடு வெட்டிய குடும்பம். அவர் அசைந்தால் குளத்துக்குக் கீழே உள்ள அத்தனை வயல்காரரும் அசைவார்கள்.

“ஐயா, சிம் மாத்த வரேல்லையே? மெசேஜ் வந்திருக்குமே?”

“வந்தது பிள்ளை. மெசேஜ் வந்தால் நான் எழும்பி ஓடி வாறதோ? என்ர தம்பியின்ர மகளின்ர கலியாணத்துக்கே அவன் வீட்டை வந்து சொல்லேல்லை எண்டு நான் போகேல்லை. இவங்கள் ஆர் எனக்கு?”

“இது கம்பனி விசயமெல்லோ ஐயா.”

“என்ன விசயமாயும் இருக்கட்டும். எங்களை ஒரு வீட்டிலையிருந்து இன்னொரு வீட்டுக்கு மாத்துறாங்கள். ஒரு சொல் கேக்கேல்லை. சந்தையிலை மாடு கைமாறுறது மாதிரி. வந்து சொல்லட்டும், பேந்து யோசிப்பம்.”

“நான்தானே வந்திருக்கிறன்.”

“நீ விசாரிக்க வந்தனீ. சொல்ல வரேல்லை. சொல்லுறதெண்டால் அதுக்கு ஒரு முறை இருக்கு.”

வெளியே நான் கம்பனிக்காரியாக முகத்தைச் சுளித்தேன். உள்ளே என் மனம் ஓம் ஓம் என்று தலையாட்டியது. மனுஷன் சொல்வதில் என்ன பிழை? வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பு எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாதா? ஊர் முழுக்க அந்தக் கோபத்தில்தான் இருக்கிறது.

அடுத்த நாள் வெள்ளித் தட்டத்தை மினுக்கினேன். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கற்கண்டு வைத்து, ஓரத்தில் புது சிம்களை அடுக்கி, நல்ல சீலை உடுத்து, அன்னபாக்கியம் அக்கா இருக்கிற பக்கத்துக்குப் போனேன். மலையகத்திலிருந்து கலவர காலத்தில் வந்து இங்கே வேர்விட்ட குடும்பங்கள் அங்கே நிறைய. அன்னபாக்கியம் அக்கா அங்குள்ள மாதர் சங்கத் தலைவி. அவர் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

“வாங்க, ஒக்காருங்க. ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகுதுன்னு சொல்றீங்க. நல்லதும்மா. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க மட்டும் வந்து நிக்கிறீங்களே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க?”

“அவை... கொஞ்சம் வேலை அக்கா.”

“நாங்க போகப்போறது அவுங்க வீட்டுக்கு. அவுங்க வந்து கூப்புடலன்னா எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போறது?”

தேத்தண்ணி தந்து, கதை கதைத்து, சிரித்து அனுப்பிவிட்டார். அழைப்பை ஏற்றுக் குங்குமத்தில் விரல் வைக்கவில்லை. அங்கிருந்து நேரே ராஜரத்தினம் ஐயா வீட்டுக்குப் போனால், அவருடைய மனைவி கமலேஸ்வரி அம்மா வாசலிலேயே, “மற்றப் பகுதி வரேல்லையோ பிள்ளை?” என்றார். ஐயோ கடவுளே! இவர்களுக்கு ஊரும் வேறு, பேச்சும் வேறு, ஆனால் கேள்வி மட்டும் ஒன்று.

மற்றப் பகுதி என்றால் ராஜினி. இரவு சாப்பாட்டில் திலீபனைப் பிடித்தேன்.

“இஞ்சரப்பா, உங்கட தங்கச்சியிட்டைச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து போனால்தான் சனம் வருமாம்.”

போய்க் கேட்டுவிட்டு வந்தார். “மச்சாள் வீட்டை வந்து கேக்கட்டாம்.”

“சொல்லாத வீட்டுக்கு நான் வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ!”

மறுபடியும் போய்விட்டு வந்தார். “அப்ப விடட்டாம்.”

“விடட்டோ? அவவுக்கு அவ்வளவு திமிரோ? போய்ச் சொல்லுங்கோ...”

“நான் போகமாட்டன்,” என்று சோற்றுக் கோப்பையோடு எழும்பிவிட்டார் மனுஷன். “நான் என்ன கோபுரமோ, ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு அலை மாத்திக் குடுக்கிறதுக்கு?”

அப்படியே நாட்கள் போயின. நீலக் குடைக்குக் கீழே நான், சிவப்புக் குடைக்குக் கீழே அவள், நடுவில் தட்டிவான்களும் உழவு இயந்திரங்களும். நிருஷன் மறுபடி வந்தபோது முகம் கறுத்திருந்தது. எங்கள் இருவரையும் ஒரே குடைக்குக் கீழே கூப்பிட்டு, “இப்பிடியே போனா நெடுங்கேணிய மூடிட்டு வவுனியாவிலயிருந்து பாக்கச் சொல்றாங்கள். ரெண்டு பேருக்கும் வேலை இல்ல,” என்றான். திலீபனின் உழவு இயந்திரம் மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் நிற்கும். மாதா மாதம் வீட்டை நிமிர்த்தி வைத்திருப்பது என் சம்பளம். அதை நினைத்தும் என் பிடிவாதம் இறங்கவில்லை. அவள் முதலில் கதைக்கட்டும் என்றுதான் நின்றேன். எனக்கே என்னில் எரிச்சல் வந்தது.

அவள் வந்தாள். காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். கூறைச்சீலை மாதிரி ஒன்றை உடுத்துக்கொண்டு, கையில் தட்டத்தோடு படலையில் நின்றாள்.

“மின்னல் பகுதியிலையிருந்து வந்திருக்கிறன்,” என்றாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “நீங்களும் குயில் சிம்தானே பாவிக்கிறியள். உங்களுக்கும் சொல்லோணும். எங்கட கம்பனியும் உங்கட கம்பனியும் ஒண்டாகுது. நீங்கள் அவசியம் வரோணும், மச்சாள்.”

விளக்குமாற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். முறைப்படி தட்டத்தை நீட்டுகிறாள், என்ன செய்வது? கை கழுவிவிட்டு வந்து குங்குமம் எடுத்தேன். கதிரை இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன். இனிமேலாவது அந்தக் குடிபூரல் கதையை எடுப்பாள், ‘அண்டைக்கு நான் செய்தது பிழை’ என்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தரம் வாயைத் திறந்தாள். இரண்டு தரமும் மூடிவிட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்குப் பெயர் அழைப்பா?

ஆனால் அன்றைக்கே இருவரும் ஒன்றாக வெளிக்கிட்டோம். முதல் வீடு ராஜரத்தினம் ஐயா வீடு. மனுஷன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல எங்களை விசாரித்தார்.

“இது கலியாணமோ, விலைக்கு வித்ததோ? உண்மையைச் சொல்லவேணும்.”

‘கலியாணம்தான் ஐயா’ என்று சொல்ல நான் வாயெடுக்க, ராஜினி முந்திக்கொண்டாள்.

“வித்ததுதான் ஐயா.”

நான் அவளுடைய காலை மிதித்தேன். அவள் அசையவில்லை.

“குயில் எண்ட பேர்?”

“போயிடும் ஐயா. அடுத்த வருசம் பலகையெல்லாம் கழட்டுவினம்.”

“எங்கட நம்பர்?”

“அது மாறாது. ஒரு இலக்கமும் மாறாது.”

“குளத்துக்கு அங்காலை சிக்னல் எடுக்குமோ?”

“இப்ப எடுக்காது ஐயா. கோபுரம் போடுறம் எண்டு கம்பனி சொல்லுது. போடுவினமோ எண்டு எனக்குத் தெரியாது. போடாட்டி நானும் உங்களோடை நிண்டு சண்டை பிடிக்கிறன்.”

வேலை போச்சு என்று நினைத்தேன். இவளுக்கு விசர், இப்படியா வியாபாரம் பண்ணுவது! ஆனால் ஐயா கமலேஸ்வரி அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். ஐயா குங்குமத்தில் விரலை வைத்து, “மெசேஜிலை தேனும் பாலும் ஓடும் எண்டெல்லோ போட்டிருந்தாங்கள். இந்தப் பிள்ளை உள்ளதைச் சொல்லுது. நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை.

பிறகு என்ன! வீடு வீடாகப் போனோம். அன்னபாக்கியம் அக்கா தட்டத்தைக் கையில் வாங்கி, “இப்பதான் பாக்க அம்சமா இருக்கு,” என்று சங்கத்துப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கற்கண்டு கொடுத்தார். ஒரு வீட்டில் வடை, ஒரு வீட்டில் பாயசம், ஒரு வீட்டில் எங்கள் கையில் அன்பளிப்புக் காசு வைக்கவே வந்துவிட்டார்கள். வழியில் நானும் ராஜினியும் சிரித்துச் சிரித்து ஸ்கூட்டரை நிறுத்தவேண்டி வந்தது. வாய் நிறையக் கதைத்தோம், ஒன்றைத் தவிர. சந்தியில் வரிசை தபாற்கந்தோர் வரை நீண்டது. எல்லோரும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்ததுபோல நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

தவணை முடிகிற கிழமை நிருஷன் வந்து கணினியைத் திறந்து, முதல்முறையாகச் சத்தம் போடாமல் பார்த்தான்.

“அக்கா, எல்லாரும் வந்திட்டாங்கள்! குயில் பதிவெல்லாம் உங்கட பேரில இருக்கு. அதால வேலை உங்களுக்கு. கொங்கிராட்ஸ்!”

உழவு இயந்திரத்தோடு சந்தியில் நின்ற திலீபன் அதைக் கேட்டதும், போனைக் காதில் வைத்தபடி போய்விட்டார். எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. துள்ளினேனா என்றால் இல்லை. ‘வித்ததுதான் ஐயா’ என்று அவள் சொன்ன குரல் காதில் நின்றது. சனம் வந்தது என் பெயருக்கா, அவள் வாய்க்கா? வேண்டி வேண்டிக் கிடந்த வேலை கைக்கு வந்த நேரத்தில், சனியன், எனக்கு அழுகை வந்தது.

“ராஜினி?”

“மாச முடிவோட அனுப்பிடுவாங்கள். நீங்க யோசிக்காதீங்க அக்கா. உங்களுக்கு வேற வேலை இருக்கு. தர்மபுரத்திலயும் உடையார்கட்டிலயும் ஒரு சனமும் அசையுதில்ல. அங்கயும் போய்ச் சொல்லுங்க.”

அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்தேன். மூக்கையும் துடைத்தேன். வியாபாரம் எனக்குத் தெரியும்.

“நான் குயில் பகுதி தம்பி. தனியப் போனால் தேத்தண்ணி தருவினம், குங்குமம் எடுக்கமாட்டினம். இஞ்சை என்ன நடந்ததெண்டு பாத்தனீர்தானே? அவள் வந்தால் நான் போவன். இல்லாட்டி நீரே தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போம்.”

“அக்கா, ஒரு போஸ்ட்தான்...”

“உங்கட முதலாளிக்குக் கோல் எடும்.”

எடுத்தான். மாப்பிள்ளை பகுதி என்பதை ஆங்கிலத்தில் என்னென்று விளங்கப்படுத்தினானோ தெரியாது, அந்தப் பக்கம் யாரோ வெகுநேரம் சிரித்தார்கள். கடைசியில், வன்னி முழுக்கச் சொல்லி முடியும் வரை இரண்டு பேரும் இருக்கலாம் என்று பதில் வந்தது.

“அதுக்குப் பிறகு?” என்றேன்.

“அதுக்குப் பிறகு பாப்பம் அக்கா. மேல இருக்கிறவங்கள் இப்ப இன்னொரு கம்பனிய வாங்கப் பாக்கிறாங்கள்.”

அவர்களுடைய பேராசை நீடூழி வாழட்டும் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சிவப்புக் குடை மடித்திருந்தது. ராஜினி வீட்டுக்குப் போய்விட்டாள். போனைக் கையில் எடுத்தேன். அவளுடைய நம்பர் வரை போனேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டு, நேரே அவள் வீட்டுக்கு விட்டேன்.

படலை மூடியிருந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே திறந்துகொண்டு உள்ளே போனேன். வாசலில் நின்றவளுடைய முகம் விறைத்துப்போனது.

“வேலை கிடைச்சதைச் சொல்ல வந்தனியளோ? அண்ணா போனிலை சொல்லிப்போட்டார்.”

“உன்ர அண்ணாவுக்குப் பாதிதான் தெரியும். வாயை மட்டும் முழுசாய்த் திறப்பார். நாளைக்குக் காலமை தர்மபுரம் போறம். நீ மாப்பிள்ளை பகுதி. உன்ர சம்பளமும் இருக்கு, என்ர சம்பளமும் இருக்கு. தட்டத்தை நீ தூக்கு, எனக்குக் கை உளையுது.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“இதை ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே, மச்சாள்.”

எனக்கு வந்ததே கோபம்! “போனிலை சொல்லுற விசயமோடி இது?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவளுக்கும் விளங்கியது. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சாமி அறை, படுக்கை அறை, குசினி என்று எல்லாம் காட்டினாள். குசினி யன்னல் சின்னன், புகை போகாது என்றேன். ஓம் மச்சாள் என்றாள். கடைசியில் அலுமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒரு சீலைப் பையை எடுத்தாள். கடைப் பையே பழுதாகிப்போயிருந்தது.

“குடிபூரலுக்கு உங்களுக்கெண்டு எடுத்தனான். கையிலை தந்து சொல்லத்தான் இருந்தனான். மேசன் வேலை, சமையல் ஆக்கள் எண்டு ஓடித்திரிஞ்சு, நேரமில்லாமல் போச்சு. பேந்து கொண்டுவர வெக்கமாய்ப் போச்சு.”

பிரித்துப் பார்த்தேன். மாம்பழ நிறம். எனக்கு அந்த நிறம் கொஞ்சமும் வாய்க்காது, அவளுக்கும் அது தெரியும். தர்மபுரத்துக்கு அதைத்தான் உடுத்துக்கொண்டு போனேன்.